இரைச்சலுக்குள் தொலையாத குரல்: குளோட் ஷனனின் வாழ்க்கை

எங்களில் பலருடைய வீடுகளில் இன்னமும் ஒரு பை இருக்கிறது. பழைய கசெட்டுகள், கலியாண வீட்டு வீடியோ நாடாக்கள், கீறல் விழுந்த இறுவட்டுகள், இனிச் சார்ஜ் ஏறாத ஒரு கைத்தொலைபேசி. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் பிறப்புச் சான்றிதழோடும் காணி உறுதியோடும் சேர்த்துக் காவிக்கொண்டு திரிந்தவை. அவற்றில் சிலவற்றில், ஒரு புகைப்படம்கூட மிஞ்சாத ஒருவருடைய குரல் இருக்கிறது.

கடந்த சில வருடங்களாக, தெரிந்தவர்கள் கொண்டுவரும் இப்படியான பதிவுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்து வருகிறேன். தொழிலாக அல்ல, கேட்டால் செய்து கொடுப்பேன். வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் இரண்டு விடயங்களைத்தான் கேட்பார்கள். இது இனி அழியாதா? கணினிக்குள் போன குரல் அதே குரல்தானா? இவற்றுக்கு ஒழுங்கான பதில் தேடிப் போனபோதுதான் குளோட் ஷனன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருடைய வாழ்க்கையை வாசித்தேன். அவர் இறந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ஆனால் இன்று நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு குரல் பதிவும், பார்க்கும் ஒவ்வொரு காணொளியும் அவர் வகுத்த விதிகளுக்குள்தான் ஓடுகிறது.

முள்வேலியில் ஓடிய செய்தி

ஷனன் 1916 ஏப்ரல் 30 ஆம் திகதி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தார். கேலோர்ட் என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். தகப்பன் வியாபாரி, சில காலம் நீதிபதியாகவும் இருந்தவர். தாய் மொழி ஆசிரியை. ஊர்ப் பாடசாலையில் அதிபராகவும் இருந்தவர். சிறுவனாக இருந்தபோது, அரை மைல் தூரத்திலிருந்த நண்பனுடைய வீட்டுக்கு ஷனன் ஒரு தந்தி இணைப்பை அமைத்தார். அதற்குத் தனியாகக் கம்பி வாங்கவில்லை. வயல்களைப் பிரித்து நின்ற முள்வேலிக் கம்பியையே பயன்படுத்தினார்.

முள்வேலி என்ற சொல்லை எங்களால் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடியாது. ஆட்களைப் பிரித்து வைக்கும் ஒரு பொருளினூடாக ஒரு பொடியன் மற்றப் பொடியனோடு கதைத்தான் என்பதை வாசித்தபோது, நான் சிறிது நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

1936 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியலிலும் கணிதத்திலும் பட்டம் பெற்றுக்கொண்டு அவர் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்குப் போனார். அங்கே, 21 வயதில், முதுமாணி ஆய்வேடு ஒன்றை எழுதினார். மின்சுற்றிலுள்ள ஆளி ஒன்றில் மூடியது, திறந்தது என்ற இரண்டு நிலைகள்தான் உண்டு. தர்க்கத்திலும் உண்மை, பொய் என்ற இரண்டு நிலைகள்தான் உண்டு. இந்த இரண்டையும் அவர் ஒன்றாகப் பார்த்தார். 19 ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் பூல் எழுதிய தர்க்க இயற்கணிதத்தைக் கொண்டு மின்சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று காட்டினார். இன்றைய கணினிகளின் சுற்றுகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

போருக்குள் பிறந்த குரல் எண்கள்

1941 இல் ஷனன் பெல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலம். விமானங்களைக் குறிவைக்கும் பீரங்கிகளை வழிநடத்தும் கணக்குகளில் வேலை செய்தார். பிறகு இரகசியக் குறியீட்டுப் பிரிவுக்குப் போனார்.

குரலை எண்களாக மாற்றி அனுப்பும் யோசனை அப்போது புதிதல்ல. பாரிஸில் வேலை செய்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1938 இலேயே அதற்குக் காப்புரிமை கேட்டிருந்தார். ஆனால் அதைப் பெரிய அளவில் செய்து காட்டியது போர்தான். வாஷிங்டனிலிருந்த தலைவர்களும் லண்டனிலிருந்த தலைவர்களும் எதிரி ஒட்டுக்கேட்காமல் தொலைபேசியில் கதைக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பெல் ஆய்வுகூடத்தில் சிக்சலி என்ற கருவி உருவானது. ஏறத்தாழ 50 தொன் நிறை. லண்டனில் அதை ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் நிலக்கீழ் அறையில் வைத்திருந்தார்கள். 1943 ஜூலையில் அது வேலை செய்யத் தொடங்கியது.

அது வேலை செய்த விதத்தைப் பார்த்தால் இன்றைய கைத்தொலைபேசி விளங்கும். பேசுபவருடைய குரலை அது அப்படியே அனுப்பாது. குரலைப் பல சுருதிப் பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையிலும் குரல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஒரு செக்கனில் 50 தடவை அளக்கும். அந்த அளவை ஆறு படிகளில் ஒன்றாக எழுதும். அதாவது குரல், 0 தொடக்கம் 5 வரையான எண்களின் வரிசையாகிவிடும். ஒவ்வொரு எண்ணோடும் இசைத்தட்டு ஒன்றில் பதிந்து வைத்த எழுமாறான எண் ஒன்றைக் கூட்டி அனுப்புவார்கள். மறுபக்கத்தில் அதே இசைத்தட்டின் பிரதி சுழலும். அது அதே எண்ணைக் கழித்து, மிஞ்சும் எண்களிலிருந்து குரலைத் திரும்ப உருவாக்கும். பயன்படுத்திய இசைத்தட்டை அழித்துவிடுவார்கள்.

இந்த முறையை எதிரி உடைக்க முடியுமா என்று கணிதரீதியாகப் பார்த்தவர்களில் ஷனனும் ஒருவர். திறப்பு எண்கள் முற்றிலும் எழுமாறானவையாக இருந்து, ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால், அதை எவராலும் உடைக்க முடியாது என்பதை அவர் நிறுவினார். 1943 இன் தொடக்கத்தில் பிரித்தானியாவின் அலன் ரூரிங் பெல் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தார். இருவரும் தேநீர் வேளைகளில் சந்தித்தார்கள். இருவரும் செய்தது இரகசிய வேலை என்பதால் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைக்க முடியாது. சிந்திக்கும் இயந்திரங்களைப் பற்றிக் கதைத்தார்கள்.

1948: இரைச்சலுக்கு ஒரு கணக்கு

போர் முடிந்த பிறகு, 1948 ஜூலையிலும் ஒக்டோபரிலும் பெல் ஆய்வுகூடத்தின் சஞ்சிகையில் ஷனனின் பெரிய கட்டுரை இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. தொடர்பாடலுக்கான கணிதக் கோட்பாடு அது. எந்தச் செய்தியையும், அது எழுத்தாக இருக்கட்டும், குரலாக இருக்கட்டும், படமாக இருக்கட்டும், ஒரே அலகால் அளக்கலாம் என்றார். ஆம், இல்லை என்ற ஒரு பதிலின் அளவுதான் அந்த அலகு. பூவா தலையா போட்டால் கிடைக்கும் தகவல் அது. ஜோன் ரூக்கி என்ற அவருடைய சகபாடி அதற்குப் பிட் என்ற பெயரைச் சொன்னார். அந்தப் பெயரே நிலைத்தது.

அந்தக் கட்டுரையின் மிகப் பெரிய முடிவு இரைச்சலைப் பற்றியது. இரைச்சல் என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மின்சாரமில்லாத தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். கரகரப்புக்கு நடுவில் செய்தியின் பாதியைக் கேட்டு மீதியை ஊகித்தோம். அப்போது பொறியியலாளர்களும் இரைச்சலைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பலத்தைக் கூட்டலாம், திரும்பத் திரும்பச் சொல்லலாம், ஆனாலும் சில பிழைகள் வந்தே தீரும் என்பது பொது நம்பிக்கை.

ஷனன் அது அப்படியல்ல என்று நிறுவினார். இரைச்சல் நிறைந்த ஒவ்வொரு வழிக்கும் ஒரு கொள்ளளவு இருக்கிறது. அந்த எல்லைக்குக் கீழே அனுப்பும்வரை, தகுந்த முறையில் குறியீடாக்கினால், பிழையை நாங்கள் விரும்பும் அளவுக்குச் சிறிதாக்கலாம். இரைச்சலை இல்லாமல் செய்யத் தேவையில்லை. அது இருக்கத்தக்கதாகவே செய்தியை முழுமையாக எடுக்கலாம்.

இதற்கான வழி மேலதிகத் தகவல். எங்கள் மொழியிலேயே அது இருக்கிறது. நான் நாளைக்கு வருவேன் என்று ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார். நான் என்ற சொல்லை இரைச்சல் விழுங்கிவிட்டாலும், வருவேன் என்பதன் கடைசி எழுத்துகள் வருவது யார் என்பதைச் சொல்லிவிடும். தமிழ் அந்த ஒரு விடயத்தை இரண்டு இடங்களில் சொல்லி வைத்திருக்கிறது. ஒன்று தொலைந்தால் மற்றது காப்பாற்றும்.

எண்களிலும் அதைச் செய்யலாம். 4, 7, 2 என்ற மூன்று எண்களை அனுப்ப வேண்டும். அவற்றின் கூட்டுத்தொகையான 13 ஐயும் சேர்த்து அனுப்புகிறேன். வழியில் நடு எண் அழிந்துவிட்டது. 13 இலிருந்து 4 ஐயும் 2 ஐயும் கழித்தால் 7 திரும்பக் கிடைக்கிறது. இது ஊகமல்ல, அதே 7. ஷனனின் சகபாடி ரிச்சர்ட் ஹமிங் 1950 இலும், ரீட், சொலமன் ஆகிய இருவர் 1960 இலும் இதைவிடப் பல மடங்கு நுட்பமான குறியீடுகளை வெளியிட்டார்கள். 1982 இல் விற்பனைக்கு வந்த இசை இறுவட்டு ரீட், சொலமன் முறையைப் பயன்படுத்துகிறது. அடுத்தடுத்த எண்களை இறுவட்டில் தூரத் தூர எழுதும் தந்திரமும் அதில் இருக்கிறது. இடம்பெயரும்போது எல்லாப் பத்திரங்களையும் ஒரே பையில் வைக்காமல் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்போமல்லவா, அதே யோசனைதான். ஒரு கீறல் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். மிஞ்சியவை அதை மீட்டுவிடும்.

குரல் எப்படி எண்ணாகிறது

கசெட்டில் ஒலி, காந்தத்தின் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. நாடாவில் பூஞ்சணம் பிடித்தால் குரலிலும் பிடிக்கும். பிரதி எடுத்தால் அதில் கொஞ்சம் இரைச்சல் கூடும். பிரதியின் பிரதியில் இன்னும் கூடும். கணினிக்கு மாற்றும்போது அலையைக் குறித்த இடைவெளிகளில் அளந்து எண்ணாக எழுதுகிறோம். எத்தனை தடவை அளக்க வேண்டும்? ஒலியிலுள்ள அதிகூடிய அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால், அளக்காமல் விட்ட இடைவெளிகளையும் சேர்த்து முழு அலையையும் திரும்பக் கட்டலாம். நைக்விஸ்ட், சோவியத் விஞ்ஞானி கொதெல்னிக்கோவ் ஆகியோரும் இதற்கு முன்பே இதைத் தொட்டிருந்தார்கள். ஷனன் இதைத் தன் கோட்பாட்டின் ஒரு தூணாக்கினார்.

மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதனால் இறுவட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 16 பிட். இடது, வலது என்று இரண்டு வழி. பெருக்கிப் பார்த்தால் ஒரு செக்கனுக்கு 14,11,200 பிட். காணொளி இதைவிடப் பாரமானது. 1920 க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம், புள்ளிக்கு 24 பிட், செக்கனுக்கு 25 படங்கள் என்றால் 124 கோடிக்கு மேல். இதை அப்படியே வழமையான கைத்தொலைபேசி இணைப்பில் அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. சுருக்க வேண்டும்.

சுருக்கத்தில் இரண்டு வகை. ஒன்று, எதையும் இழக்காதது. அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு கொடுப்பது. இதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு என்பதை ஷனன் 1948 இலேயே கணித்துவிட்டார். மற்றது, தெரிந்துகொண்டே இழப்பது. எவ்வளவு இழப்புக்கு எவ்வளவு பிட் மிச்சமாகும் என்ற கணக்கை 1959 இல் எழுதினார். எம்.பி.3 காதுக்குக் கேட்காது என்று கணிப்பதை வீசுகிறது. காணொளிக் குறியீடு ஒவ்வொரு படத்தையும் முழுமையாக வைத்திருக்காது. முழுப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் எது எங்கே நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் எழுதும். மீதியைச் சிறு சதுரங்களாக வெட்டி, கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத நுண்விபரங்களைக் குறைக்கும்.

2009 காலத்துச் சாதாரணக் கைத்தொலைபேசிகள் பல, குரலை 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டிப் பதிந்தன. அதாவது செக்கனுக்கு 50 துண்டு. தொண்டையும் வாயும் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருந்தன என்ற விபரத்தைத்தான் பெரும்பாலும் அவை எழுதின. சிக்சலி 1943 இல் செய்ததும் ஏறத்தாழ அதுதான். 50 தொன் சிறுத்துச் சட்டைப் பைக்குள் வந்திருக்கிறது.

வீசியது திரும்பி வராது

ஷனனின் கோட்பாட்டிலிருந்து வரும் ஒரு கசப்பான முடிவையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை வீசிய தகவலை, மிஞ்சிய பதிவை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லும் மென்பொருட்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவை தருவது, பல்லாயிரம் வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய ஓர் ஊகம். அழகாக இருக்கும். ஆனால் அது உங்கள் மகனுடைய முகம் அல்ல. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைத் தேடும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது.

காணொளி ஒன்றைச் செய்திச் செயலிகளில் வழமைபோல அனுப்பும்போதும் இதுதான் நடக்கிறது. அது மறுபடியும் சுருங்குகிறது. எப்போது, எந்தக் கருவியில் எடுத்தது என்ற விபரங்கள் பெரும்பாலும் கழன்றுவிடுகின்றன. பத்துப் பேர் கைமாறி வந்த காணொளி நெஞ்சை உலுக்கலாம். நிபுணர் ஒருவரிடம் கொடுத்தால் அவருக்குப் பார்க்க அதிகம் மிஞ்சியிராது.

2009 ஓகஸ்ட்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய காணொளியை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது போலியானது என்று அரசாங்கம் சொன்னது. ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் அதைச் சுயாதீன நிபுணர்கள் மூவரிடம் ஆராயக் கொடுத்தார். காயங்களையும் துப்பாக்கியின் அசைவையும் மட்டுமல்ல, காணொளியின் ஒலியும் ஒளியும் பதிவான விதத்தையும் ஆராய்ந்தார்கள். சில அம்சங்களுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்றாலும், அது உண்மையானது என்றே தெரிகிறது என்ற முடிவு 2010 ஜனவரியில் வெளிவந்தது. ஒரு பதிவு எப்படிக் குறியீடாகியிருக்கிறது என்பது எங்களைப் பொறுத்தவரை வெறும் தொழில்நுட்ப விடயம் அல்ல என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

மறதிக்குள் போன மனிதர்

ஷனன் 1949 இல், பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த கணிதவியலாளர் பெட்டி மூரைத் திருமணம் செய்தார். மூன்று பிள்ளைகள். 1950 இல் புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடித்து, அதை நினைவில் வைத்திருக்கும் இயந்திர எலி ஒன்றை மனைவியின் உதவியோடு செய்தார். ஒற்றைச் சில்லுச் சைக்கிளில் ஆய்வுகூட நடைபாதைகளில் ஓடுவார். பந்துகளை எறிந்து பிடிக்கும் வித்தைக்கும் ஒரு சமன்பாடு எழுதினார். பின்னர் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பேராசிரியரானார். புகழைத் தேடிப் போகவில்லை. 1985 இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த தகவல் கோட்பாட்டு மாநாட்டுக்கு அறிவிப்பில்லாமல் வந்தபோது, அவர் உயிரோடு இருப்பதையே நம்ப முடியாதவர்கள் போல இளம் ஆய்வாளர்கள் சூழ்ந்துகொண்டார்களாம்.

அந்தக் காலத்திலேயே அவரை அல்சைமர் நோய் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கடைசி வருடங்களைப் பராமரிப்பு இல்லமொன்றில் கழித்தார். உலகம் முழுவதும் இணையமும் கைத்தொலைபேசியும் பரவியபோது, அவை தன்னுடைய கணக்கில் முளைத்தவை என்பதை உணரும் நிலையில் அவர் இல்லை. 2000 ஒக்டோபரில் கேலோர்டில் அவருக்குச் சிலை திறந்தார்கள். அவரால் போக முடியவில்லை. 2001 பெப்ரவரி 24 ஆம் திகதி, 84 வயதில் காலமானார்.

அவருடைய கோட்பாடு தெரிந்துகொண்டே ஒதுக்கி வைத்த ஒரு விடயம் உண்டு. அதுதான் அர்த்தம். ஒரு தாயின் கடைசி அழைப்பும் சவர்க்கார விளம்பரமும் கணக்கில் ஒன்றுதான், இரண்டும் பிட்கள். பொறியியலுக்கு அதற்கு மேல் தேவையில்லை என்று அவர் கருதினார். அவர் கருதியது சரி. ஆனால் எங்களுக்கு மிச்ச வேலை இருக்கிறது.

ஆகவே, வருகிறவர்களுக்கு நான் இப்போது சொல்லும் பதில் இதுதான். கணினிக்குப் போன எண்களைப் பிரதி எடுக்கலாம்; நூறாவது பிரதியும் முதலாவதைப் போலவே இருக்கும். ஆனால் ஒரேயொரு பிரதி மட்டும் இருந்தால், கசெட்டைப் போல அதுவும் ஒருநாள் போய்விடும். இரண்டு இடங்களிலாவது வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். முதலில் பதிந்த கோப்பை வெட்டவும் வேண்டாம், மெருகூட்டவும் வேண்டாம். யாருக்காவது அனுப்புவதாக இருந்தால், காணொளியாக அனுப்பாமல் ஆவணக் கோப்பாக அனுப்புங்கள். பழைய கைத்தொலைபேசியை வீச வேண்டாம்.

இன்னொன்று. அண்மையில் எழுபது கடந்த அம்மா ஒருவர் கொண்டுவந்த கசெட்டில் ஆறு பேருடைய குரல் இருந்தது. மழைச் சத்தம், பின்னால் ஒரு குழந்தையின் சிரிப்பு. ஒவ்வொரு குரலுக்கும் அவர் பெயர் சொன்னார், ஊர் சொன்னார், எந்த வருடம் என்று சொன்னார். கணினி அந்த நாடாவின் ஒலி முழுவதையும் எடுத்துவிட்டது. பெயர்களை எடுக்கவில்லை. அவை அந்த அம்மாவிடம் மட்டும் இருந்தன. ஒரு கொப்பியை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உங்கள் வீட்டுப் பையிலுள்ள பதிவுகளுக்கும், சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே, யாராவது ஒருவர் அதை எழுதி வையுங்கள்.